கரைவாசன் யார் என்று நான் சொன்னேன்

பினாங்கில் எங்கள் அச்சுக்கூடம் இருக்கும் சந்தில் தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு பெண் அழுவாள். எதிர்வீடு பாபா வீடு. பாபா என்றால் தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்து மலாய் பேசும் சீனர்; அவர்கள் வீட்டுப் பெண்களை நியோன்யா என்பார்கள். அந்த வீட்டு மூத்த நியோன்யா கண்ணாடி போட்டுக்கொண்டு வாசல் நடைபாதையில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தடித்த புத்தகத்தை உரக்க வாசிப்பாள். மருமகள்கள் இருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஓர் இடம் வந்ததும் குரல் உடையும். மூவரும் அழுவார்கள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். தெருவில் போகிற ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் வந்த புதிதில் இது தெரியாமல், தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அவர்கள் முன்னால் போய்க் கைகட்டி நின்றேன். நம் பக்கத்தில் அழுகைச் சத்தம் கேட்டால் கடந்து போவது மரியாதை இல்லை அல்லவா. யார் இறந்தது என்று தெரிந்த மலாயில் கேட்டேன். கிழவி கண்ணைத் துடைத்தபடி ஒரு பெயரைச் சொன்னாள். மகளாக்கும் என்று நான் தலைகுனிந்து நின்றேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள், நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் சின்ன மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, “செரிட்டா லா, பாங்” என்றாள். கதை, அண்ணே. கதையில் வரும் பெண் செத்துப்போயிருக்கிறாள். நான் துக்கம் கேட்கப் போயிருக்கிறேன்.

காதல் கதை என்று ஒன்று மனிதர்களுக்குள் இத்தனை வேலை செய்யும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் புத்தகத்தை மலாயில் எழுதியவர் துறைமுகத்தில் சரக்குப் பட்டியல் எழுதும் ஒரு பாபா குமாஸ்தா. பகலில் மூட்டை எண்ணிக்கை எழுதுவார், வீட்டுக்கு வந்து சீனத்துக் காதலர்களை மலாய் பேச வைப்பார். எங்கள் அச்சுக்கூடத்துக்குத் தமிழில் முதலில் காதல் கதை கொடுத்தவர் கச்சேரி வாசலில் மனு எழுதும் ஒரு ராவுத்தர். முழுவதும் செய்யுள். கதாநாயகியை நாற்பது பக்கம் வர்ணித்திருந்தார். அவள் ஒரு வார்த்தை பேசாமல் செத்துப்போனாள். பிறகு மருந்துக்கடைக்காரர் ஒருவர் கொடுத்தார். அதில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தவுடன் மயக்கம் போட்டு விழுவார்கள், பக்கத்திலேயே எந்த மருந்து கேட்கும் என்றும் எழுதியிருக்கும். இவர்கள்தான் இந்தத் தீவில் காதலைத் தமிழில் அச்சேற்றிய முன்னோர்கள். பெரியவர்கள் இவர்களைப் பற்றி எழுதும்போது இன்னும் மரியாதையாக எழுதுவார்கள். நான் எழுத்தைக் கோர்த்தவன். இரண்டு பேர் வியர்வையும் என் விரலில் ஒட்டியிருக்கிறது, எனக்குத் தெரிந்தபடிதான் எழுத முடியும்.

நான் வேதாரண்யத்துப் பக்கம். நாலாம் வகுப்பு வரை வாசித்தேன். நாகப்பட்டினத்தில் ஓர் அச்சாபீசில் ஈய எழுத்துக் கோர்க்கப் பழகி, கல்யாணமான ஆறாம் மாசம் கப்பலேறினேன். பதினெட்டு வருஷம் ஆகிறது. மனைவி பெயர் அஞ்சலை. அவளோடு இருந்த அந்த ஆறு மாசத்தில் பகல் வெளிச்சத்தில் நான் அவளிடம் பேசியதை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். எனக்கு ஆட்கள் முன்னால் பேச்சு வராது. அச்சுக்கூடத்து ஃபோர்மன் வேலாயுதம் அண்ணன் எனக்கு ‘நாலாங்கிளாஸ்’ என்று பெயர் வைத்தார், மற்றவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். “நாலாங்கிளாஸ் வாயத் தொறந்தா முத்து உதுந்துரும்லா, பெறக்க ஆள் வைக்கணும்” என்பார். நான் ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் ஈய எழுத்தை அடுக்கிக்கொண்டே சிரிப்பேன். சிரித்தால் அத்தோடு விட்டுவிடுவார்கள்.

மூன்றாவதாக வந்தவர்தான் கரைவாசன். முதலாளியின் சட்டைகளை வெளுத்துக் கொண்டுவரும் தோபி வெள்ளைச்சாமி, கஞ்சி போட்ட கோட்டுக்குள் மடித்து ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்தார். ஒரு வீட்டில் கொடுக்கச் சொன்னார்களாம். கப்பல் கம்பெனியின் அச்சடித்த பாரக் காகிதங்களின் பின்பக்கத்தில் நெருக்கி எழுதிய கதை. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: கரைவாசன் என்று போட்டால் போதும், என் பெயர் வேண்டாம், யார் என்று விசாரிக்கவும் வேண்டாம். எழுதியவர் கேட்டது அது ஒன்றுதான். கதைக்குக் கூலி கேட்கவில்லை, புத்தகம் கேட்கவில்லை. முதலாளி எங்கள் வாரப் பத்திரிகையில் அதைத் தொடராகப் போட்டார். மூன்றாவது வாரமே தோட்டங்களிலிருந்து கடிதம் வரத் தொடங்கியது. ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. கதையும் அதைப் பற்றித்தான். ஒரு தோட்டத்துப் பெண். அவள் புருஷனை மட்டும் கப்பலேற்றிவிடுகிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் மறந்துவிடாமல் இருக்க இருவரும் படும் பாடுதான் முழுக் கதையும். யாரும் மயங்கி விழவில்லை. அவள் அவனைத் திட்டுகிறாள், அவன் பயப்படுகிறான், அது காதலாக இருந்தது. எழுத்துக் கோர்க்கிறவன் வாசிக்கக் கூடாது, வாசித்தால் கை தாமதப்படும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கரைவாசன் வந்த பிறகு என் கை தாமதப்பட்டது.

பதினேழாம் அதிகாரத்தில் அந்தப் புருஷன் கடிதம் எழுதுவான். ‘நீ தலைக்குக் குளித்த அன்று முதுகுச் சேலை நனைந்திருக்கும். அது காயட்டும் என்று அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அரிசி பொறுக்குவாய். அந்த ஈரம் இங்கே என் நெஞ்சில் இன்னும் காயவில்லை.’ கதைக் கட்டில் இந்த மூன்று வரி மட்டும் தனியாக எழுதியிருந்த துண்டுக் காகிதத்தை நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், அஞ்சலைக்கு எழுதும் கடிதத்தில் அப்படியே எழுதினேன். பதினாறு வருஷமாக ‘இவ்விடம் சுகம், அவ்விடம் சுகம் அறிய ஆவல்’ என்பதற்கு மேல் எழுதத் தெரியாதவனுக்கு அது பெரிய காரியம். தபாலில் போட்டுவிட்டு வந்த சந்தோஷத்தில் துண்டுக் காகிதத்தைத் திருப்பி வைக்க மறந்துபோனேன். அந்த மூன்று வரி இல்லாமலே அதிகாரம் அச்சாகிவிட்டது. ஒருவரும் கவனிக்கவில்லை.

இன்னொன்றும் மறந்துபோனேன். இதை வாசிக்கிற ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இங்கே பல வருஷம் கிடந்தவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும். அஞ்சலைக்கு வாசிக்கத் தெரியாது. அவளுக்கு வரும் கடிதம் என் அண்ணன் கைக்குத்தான் போகும். அண்ணன் அதை வாத்தியாரிடம் கொடுப்பார். வாத்தியார் வாசலில் நின்று உரக்கப் படிப்பார். அக்கம்பக்கத்தார், கடல் கடந்து போன பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லோரும் வந்து கேட்பார்கள். அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள். இது எனக்குத் தெரியாததா? நான் ஊரில் இருந்தபோது நானே கூட்டத்தில் நின்று கேட்டவன். ஆனால் இங்கே ஒரு கிழவி தெருவைப் பார்த்து உட்கார்ந்து காதலை உரக்கப் படித்து அழுவதைப் பார்த்துப் பார்த்து, உலகமே அப்படித்தான் என்று எனக்கு ஆகிவிட்டது போலிருக்கிறது.

இரண்டு மாசம் கழித்து அண்ணனிடமிருந்து பதில் வந்தது. வாத்தியார் அந்த மூன்று வரியை, சரியாகக் கேட்கவில்லை என்று கூட்டத்தில் சிலர் சொன்னதால், மூன்று தடவை படித்தாராம். அது முதல் அஞ்சலை குளத்துக்குப் போனால் பெண்கள், முதுகு காய்ந்துவிட்டதா என்று கேட்கிறார்களாம். அவள் குளத்துக்குப் போவதையே விட்டுவிட்டாளாம். கடைசியில் அண்ணன் இப்படி எழுதியிருந்தார்: ‘உன் சம்சாரம் சொல்லச் சொன்னது யாதெனில், இது ஆண்பிள்ளை எழுதியது அல்ல, ஒரு பொம்பிளை எழுதியது. அடுப்புச் சூட்டில் முதுகு காய வைப்பது ஆண்பிள்ளைக்குத் தெரியாது. இவர் என் முதுகைப் பார்த்தவரே இல்லை. அங்கே ஒருத்தி இருக்கிறாள். இருந்துவிட்டுப் போகட்டும், அவளைக் கொண்டு எனக்கு எழுத வைக்க வேண்டாம் என்கிறாள்.’

நான் வெட்கத்தில் செத்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அதற்கு அடியில் ஒரு வியப்பும் இருந்தது. படித்த மனிதர்கள் அத்தனை பேருக்கும் தெரியாத ஒன்றை, ஓர் எழுத்தும் தெரியாத என் மனைவி மூன்று வரியைக் காதால் கேட்டுவிட்டுக் கண்டுபிடித்திருக்கிறாள். துண்டுக் காகிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். அவள் சொன்னது சரி. கரைவாசன் ஒரு பெண்.

இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு ஒரு வாரம் வேலை செய்தேன். தொடர் முடிந்து புத்தகமாகப் போட முதலாளி ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் டீ வேளையில் எல்லோரும் கூடி, கரைவாசன் யாராக இருக்கும் என்று பந்தயம் கட்டினார்கள். பெரிய டாக்டராக இருக்கும் என்றார் ஒருவர். சம்சாரத்தை ஊருக்கு அனுப்பிவிட்ட எஸ்டேட் கிராணி, அதாவது குமாஸ்தா, ஒருவராக இருக்கும் என்றார் இன்னொருவர். வேலாயுதம் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

“ஒருவேளை நம்ம நாலாங்கிளாஸா இருக்குமோ? பொண்டாட்டிய பாத்தே பதினாறு வருசமாச்சு. ராவுல தலகாணிக்கு எழுதுறானோ என்னமோ.”

எல்லோரும் சிரித்தார்கள். வழக்கம்போல நானும் சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

“அது பொம்பள எழுதினது” என்றேன்.

கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் என் முகத்தைப் பார்த்தது அந்த அச்சுக்கூடத்தில் அன்றுதான் முதல் தடவை. எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். நான் பேசினேன். முதுகுச் சேலை, அடுப்பு, கதையில் அந்தப் பெண் திட்டுகிற விதம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். என் மனைவி கண்டுபிடித்ததை நான் கண்டுபிடித்ததாகச் சொன்னேன். வேலாயுதம் அண்ணன், “அட, நாலாங்கிளாஸ் அஞ்சாங்கிளாஸ் பாஸாயிட்டான்லா” என்றார். அந்தப் பேச்சில் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. யார் என்று விசாரிக்க வேண்டாம் என்ற அந்தத் துண்டுச் சீட்டு என் நினைவுக்கு வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது. அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

மறுநாள் முதலாளி தோபியைக் கூப்பிட்டு எந்த வீடு என்று கேட்டார். வெள்ளைச்சாமி சொல்ல மாட்டேன் என்றார். இனிமேல் இந்தத் தெருவில் ஒரு கடைத் துணிகூட உனக்குக் கிடைக்காது என்றார் முதலாளி. வெள்ளைச்சாமிக்கு ஐந்து பிள்ளைகள். துணி மூட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: கப்பல் கம்பெனி கிராணி சிவஞானத்தின் மனைவி, மரகதம் அம்மாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழு வரை வாசித்தவர். புருஷன் ஆபீசுக்குப் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறார். புருஷனுக்குத் தெரியாது. இந்தப் பெயர்கள் எல்லாம் நான் மாற்றி வைத்தவை. ஒரு தடவை செய்தது போதும்.

புத்தகத்தில் முதல் தாளைக் கடைசியில்தான் கோர்ப்போம். உள்ளே இருப்பதெல்லாம் அச்சான பிறகுதான் கதையின் பெயரும் எழுதியவர் பெயரும் வரும். எழுத்து எங்களிடம் கொஞ்சம்தான், ஒரு பாரம், அதாவது ஒரு தாளுக்கான பக்கங்கள், அச்சானதும் பிரித்துப்போட்டு அடுத்ததைக் கோர்க்க வேண்டும். அதனால் ஒரு புத்தகம் யாருடையது என்பது முழுவதும் முடியும்வரை எங்கள் முதலாளி கையில் இருக்கும். அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: ‘இயற்றியவர் ஸ்ரீமதி மரகதம் அம்மாள், கிராணி சிவஞானம் அவர்கள் பத்தினி.’ பெண் எழுதிய காதல் கதை என்றால் தோட்டங்களில் வாங்க அடித்துக்கொள்வார்கள் என்றார். நான் அதைக் கோர்த்தேன். எங்களிடம் இருந்ததில் நல்ல பெரிய எழுத்தாகப் பார்த்து எடுத்தேன், சுற்றிலும் பூச்சரம் வைத்தேன். அவருக்கு ஒரு கௌரவம் செய்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புத்தகம் வெளியான பத்தாம் நாள் வெள்ளைச்சாமி வந்தார். துணி கொண்டுவரவில்லை. கோவிலில் நாலு பேர் சிவஞானத்தைச் சுற்றி நின்று, உங்கள் வீட்டுச் சமையலறையில் என்னவெல்லாமோ வேகிறதாமே என்று கேட்டார்களாம். அவர் வீட்டுக்குப் போய் அடுத்த கப்பலுக்குச் சீட்டு எழுதச் சொல்லிவிட்டாராம். மரகதம் அம்மாள் மட்டும் ஊருக்கு. இரண்டு பெண் பிள்ளைகளும் இங்கே அவரோடு. “நாந்தான் சொன்னேன், நீங்கதான் கேக்க வச்சீங்க” என்றார் வெள்ளைச்சாமி. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை ரிக்‌ஷாவில் புருஷனும் மனைவியும் அச்சுக்கூட வாசலில் வந்து இறங்கினார்கள். சிவஞானம் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக முன்னால் வந்தார். பின்னால் ஒல்லியான ஓர் அம்மாள், முக்காடு. முப்பத்தைந்து வயதிருக்கும். விரல் நகத்தில் மஞ்சள். இவரா என்று பார்த்தேன். சிவஞானம் உட்காரவில்லை.

“இவ எழுதலை. உங்க முன்னாலயே சொல்லுவா, கேட்டுக்கங்க. நோட்டீஸ் போடணும்.”

அந்த அம்மாள், “நான் எழுதலைங்க” என்றார்.

முதலாளிக்குப் புத்தகத்தைக் கைவிட மனசில்லை. அப்படியென்றால் யார் எழுதியது, பெயரில்லாமல் விற்க முடியாதே, எழுத்தெல்லாம் உங்கள் கம்பெனிப் பாரத்தின் பின்னால் அல்லவா இருக்கிறது என்றார். சிவஞானம் அதை யோசிக்கவில்லை. ஆபீஸ் காகிதம் என்றதும் அவர் முகம் கறுத்தது. அவருடைய வேலைக்கே கேடு அது. அப்போது அந்த அம்மாள் தலையைத் தூக்கினார்.

“இவங்கதான் எழுதினாங்க. நான் படி எடுத்துக் குடுத்தேன். ஆபீஸ்ல கழிச்ச காகிதம்.”

“இவங்கன்னா யாரும்மா?” என்றார் வேலாயுதம் அண்ணன். யாரென்று அவருக்குத் தெரியும். “பேரச் சொன்னாத்தானே அச்சுல போடலாம்? கதையில அத்தன பேரு எழுதத் தெரிஞ்சவங்களுக்கு இது வரலையா?”

புருஷன் பெயரை நம் பெண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. கப்பல் ஆபீசில், கச்சேரியில், ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். சிவஞானம் சொல்லியிருக்கலாம். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லியிருக்கலாம், அந்தப் பெயரை நானே கோர்த்தவன். யாரும் சொல்லவில்லை. அந்த அம்மாள் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார்.

“சிவஞானம்” என்றார்.

ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது. தன் புத்தகத்தைக் கொடுத்துவிடுவதற்காக அந்தப் பெயரை வாழ்நாளில் முதல் தடவையாகச் சொன்னார். சிவஞானத்தின் கண் கூரையிலிருந்து இறங்கியது. கொஞ்சம் இருமினார். “ஆமா. பொழுதுபோக்கா எழுதினது” என்றார்.

முதலாளி நாற்காலி போட்டார். முதல் தாளை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டிவிடலாம் என்று பேசி முடித்தார்கள். பெயருக்கு முன்னால் பண்டித என்று போடலாமா என்று சிவஞானம் கேட்டார். அவர்கள் அதை எழுதிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் என் எழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“இதெல்லாம் கோர்த்தது நீங்களா?”

தலையாட்டினேன்.

“பதினேழாம் அதிகாரத்துல மூணு வரி விட்டுப்போச்சு.”

மெதுவாகச் சொன்னார், கோபமில்லாமல். அவர் ரிக்‌ஷாவுக்குப் போய்விட்டார். கப்பல் சீட்டு ரத்தாயிற்று என்று வெள்ளைச்சாமி பிறகு சொன்னார்.

இப்போது பண்டித சிவஞானம் மலாய் நாட்டில் காதல் நாவலுக்கு வழி காட்டியவர். சபைகளில் மாலை போடுகிறார்கள். அவரே எழுதிய இரண்டாவது நாவலையும் நான்தான் கோர்த்தேன். அதில் கதாநாயகன் அறுபது பக்கம் கதாநாயகிக்குப் புத்தி சொல்கிறான். வாசகர்கள் முதலாவதுபோல் இல்லை என்று எழுதினார்கள். அவர் வீட்டில் மையும் பேனாவும் இப்போது பூட்டிய அலமாரியில் இருக்கின்றனவாம். பூட்டச் சொன்னதே அந்த அம்மாள்தானாம்.

இதற்கு நடுவில் நான் அஞ்சலைக்கு உண்மையை எழுதியிருந்தேன்: எனக்கு இங்கே ஒருவரும் இல்லை, அது ஒரு கதைப் புத்தகத்தில் வரும் வரி, நீ சொன்னபடி எழுதியவர் ஒரு பெண்தான், அவரோடு பேசியதுகூட இல்லை. பதில் அண்ணனிடமிருந்து வரவில்லை. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குக் கிறிஸ்தவ வேதம் வாசிக்கும் ஓர் அம்மாள் எழுதிக் கொடுத்திருந்தார். ‘அப்படியானால் அந்தப் பொம்பிளையை எனக்கு ஒரு கடுதாசி போடச் சொல்லுங்கள். வேதக்கார அம்மா பேருக்கு அனுப்பட்டும். நீங்கள் எழுத வேண்டாம்.’

வெள்ளைச்சாமி மூலம் கேட்டுப் பார்க்கக்கூட எனக்கு முகமில்லை. நானே எழுதினேன். கரைவாசன் எழுதுவதுபோல், ஒரு பெண் எழுதுவதுபோல். எத்தனை மாசம் அந்தக் கதையைக் கோர்த்திருக்கிறேன், அந்த நடை என் விரலில் இருந்தது. என் கையெழுத்து அவளுக்குத் தெரியாது; பதினாறு வருஷமும் அதை அவள் காதால்தான் கேட்டிருக்கிறாள். ‘அன்புள்ள அக்காவுக்கு’ என்று தொடங்கி அச்சுக்கூடத்து விலாசத்துக்குப் பதில் வந்தது. நான்கு பக்கம். பிறகு மாசம் ஒன்று. மாமியார் இருந்த நாளில் பட்டது, ஓரகத்தியுடன் சண்டை, குளத்துக்கு மறுபடி போகத் தொடங்கியது எல்லாம் எழுதுவாள். ஆறாவது கடிதம் எழுத்து கோணல்மாணலாக, வரி மேலேறிக் கீழிறங்கி வந்தது. அவளே எழுதியது. வேதக்கார அம்மாளிடம் எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அதில் ஒன்று சொல்லியிருந்தாள். நான் கப்பலேறிய ஏழாம் மாசம் ஓர் ஆண் பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள் இருந்ததாம். அவருக்கு எழுத வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். ‘நீங்களும் அவரிடம் சொல்லாதீர்கள் அக்கா. உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் எழுத்துப் படித்தேன்.’

அந்தக் கடிதத்துக்கு அக்காவாகத்தான் பதில் எழுதினேன். பிள்ளை யார் ஜாடை என்று கேட்டிருந்தேன். அவர் ஜாடைதான் என்று எழுதினாள். என் பெயரில் நான் எழுதும் கடிதம் தனியாகப் போகிறது: இவ்விடம் சுகம். அண்ணன் கையெழுத்தில் அதற்கும் இரண்டு வரி வருகிறது: அவ்விடம் சுகம்.

போன மாசம் முதலாளி, ஊருக்குப் போய் வருகிறாயா, ஆறு மாசம் லீவு தருகிறேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் போய் இறங்கினால், பினாங்கிலிருந்து அக்காவின் கடிதம் நின்றுவிடும். அது நின்ற மாசமும் நான் இறங்கிய மாசமும் ஒன்றென்று கண்டுபிடிக்க அவளுக்கு மூன்று வரி போதும். இந்த மாசக் கடிதம் மேஜை மேல் இருக்கிறது, இன்னும் பதில் எழுதவில்லை. கடைசி வரி இப்படி முடிகிறது: ‘மேல்பக்கத்து அறையைச் சாணி போட்டு மெழுகி வைத்திருக்கிறேன். ஒரு தடவை வந்து என்னோடு பத்து நாள் இருந்துவிட்டுப் போங்கள் அக்கா. அவர் வராவிட்டால் பரவாயில்லை.’